முன்சீட்டு இடுப்பு

வாடகைக் காரில் எங்கே கிளம்பினாலும், துணைக்கு வருகிறேன் என்று முதலில் ஏறி உட்காரும் ஓர் இனம் உண்டு. இவர்களுக்கு இடுப்பைத் தவிர வேறு உறுப்பே கிடையாது. காருக்கு சீட்டு செய்தவன் முதுகெலும்பே இல்லாதவன் என்பது இவர்கள் கட்சி. துண்டை உருட்டி இடுப்புக்குக் கொடுப்பார்கள், "மேல ஏறிட்டு" என்பார்கள், பேப்பரை மடித்துச் செருகுவார்கள், "சரியாவல" என்பார்கள், அந்த நேரத்தில் கார் புளியங்குடி போய்த் திரும்பியிருக்கும்.

எங்கள் சங்கரன்கோவிலில் இந்த இனத்தின் தலைவர் சண்முகையா அண்ணாச்சி. போன மாதம் மிளகாய் வத்தல் மூட்டையைத் தூக்கிய எங்கள் தெரு சங்கரபாண்டிக்கு முதுகு பிடித்து, நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல் ஆகிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்பாசடர் வந்தது. அவன் மனைவி முருகம்மாள் அவனைப் பின்சீட்டில் ஏற்றி, முதுகுக்கு இலவம்பஞ்சுத் தலையணை வைத்தாள். நான் மூலையில் ஒடுங்கிக்கொண்டேன்.

"அப்படி வைக்கப்படாது தாயி. இங்கன கொண்டா, எப்படின்னு காட்டுதேன்" என்றார் முன்சீட்டிலிருந்து அண்ணாச்சி. காட்டினார். தலையணை அவர் முதுகிலேயே குடியேறிவிட்டது.

பிறகு சீட்டைப் பின்னால் தள்ளினார். முன்சீட்டு ஒரே பெஞ்சு அல்லவா? டிரைவர் வேல்சாமியும் சேர்ந்தே பின்னால் போனான். சங்கரபாண்டியின் முழங்காலில் சீட்டு இடிக்க, அவன் அலறினான்.

"அண்ணாச்சி, கிளச்சுக்குக் கால் எட்டலியே!" என்றான் வேல்சாமி.

"நுனியில உக்காந்து ஓட்டுலே. ஓட்டுதவனுக்கு என்னத்துக்குச் சொகுசு?"

கார் பனவடலிசத்திரத்தைத் தாண்டியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சங்கரபாண்டி "அம்மா" என்றான். முருகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணாச்சி, அந்தத் தலவாணிய..."

"இப்பதான் தாயி எலும்புக்கு வாகா உக்காந்திருக்கு. எடுத்தா மறுபடி முதல்லேருந்து பாக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடியைத்தான் இறக்கினேன்.

ஆஸ்பத்திரி வாசலில், தலையணையை இடுப்போடு அணைத்தபடி, முனகிக்கொண்டே இறங்கினார் அண்ணாச்சி. அதைக் கண்ட ஆயா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கில்லை என்றா சொன்னார்? உட்கார்ந்தார். சாய்ந்து பார்த்தார். "இதுல சாய்மானம் நல்லாருக்கு" என்று சர்டிபிகேட் வேறு. பின்னால் சங்கரபாண்டி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மடங்கியபடியே நடந்து போனான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நாளை உங்கள் தெருவில் யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் வந்து நிற்கும்போது, முன்சீட்டுக் கதவை முதலில் திறக்கிற கை யாருடையது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.