சின்னத் துப்பாக்கி போதும் என்றார் டேவிட்

சிலருக்குக் கையில் ஒரு விசிலைக் கொடுத்தாலே நடை மாறிவிடும். நானும் அந்த ரகம்தான். என்னிடம் போய் ஒரு துப்பாக்கியை, அதுவும் சின்னதா பெரியதா என்று முடிவு செய்யும் உரிமையோடு, கொடுத்திருக்கக் கூடாது.

பயப்பட வேண்டாம். ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவைக்கச் சுடும் துப்பாக்கி. குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் திருச்சிக்காரன். லண்டனில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. யாழினி யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்; லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில் வீடு. கல்யாணம் செய்துகொள்வதென்று நாங்கள் இருவரும் முடிவெடுத்துவிட்டோம். அவள் அம்மாவுக்கும் சம்மதம். அப்பா தர்மலிங்கம்தான் பாக்கி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் "ஓம்" என்று ஒரு தரம் தலையாட்டிவிட்டு டீவி பக்கம் திரும்பிக்கொள்வார். (ஓம் என்றால் அவர்கள் தமிழில் ஆமாம். நான் எதுவும் கேட்டிருக்கவே மாட்டேன்.)

"அப்பாக்கு உங்களைப் பிடிக்காமலில்லை. நீங்கள் ஆரெண்டு அவருக்கு இன்னும் விளங்கேல்லை" என்றாள் யாழினி.

விளங்கவைக்க ஒரு வாய்ப்பு வந்தது. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்கு தர்மலிங்கமும் ஒரு பொறுப்பாளர். வழக்கமாக ஓட்டங்களைத் தொடங்கிவைப்பவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. யாழினி என் பெயரைச் சொல்லிவிட்டாள். தர்மலிங்கம் "ஓம்" என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று இரவு வரை விவாதித்தோம்.

என் அலுவலகத்து டேவிட் ஒரு தடகள கிளப்பில் தொண்டு வேலை செய்பவர். அவர் கார் டிக்கியைத் திறந்து இரண்டு துப்பாக்கிகளைக் காட்டினார். இரண்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறம். பெரியது கை நிறைய இருந்தது. சின்னது உள்ளங்கையில் காணாமல் போனது. அதை உயர்த்திப் பிடித்தால் தூரத்தில் இருப்பவர்களுக்கு நான் கார் சாவியைக் காட்டுவதுபோல் தெரியும்.

சின்னதே போதும் என்றார் டேவிட். பெரியது பெரிய ஸ்டேடியங்களுக்கானது, எடுப்பதாக இருந்தால் கூட்டத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடு என்றும் சொன்னார். ஆங்கிலத்தில், நிதானமாக, தெளிவாகத்தான் சொன்னார். நான் இரண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்துக்கொண்டேன்.

போட்டியன்று நல்ல பிள்ளையாகச் சின்னதில்தான் ஆரம்பித்தேன். காற்று பலமாக அடித்தது. நான் சுட்டதும் "டிக்" என்று ஒரு சத்தம். பாதிப் பிள்ளைகள் ஓடினார்கள். மீதிப் பாதி அப்படியே நின்றது. ஒரு சிறுமி என் சட்டையை இழுத்து, "அங்கிள், ஹாவ் வீ ஸ்டார்ட்டட்?" என்று கேட்டாள்.

தர்மலிங்கத்தின் தம்பி நடராசா சித்தப்பா மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "தம்பி, துவக்குச் சுடுறீரோ, தீப்பெட்டி தட்டுறீரோ?"

(துவக்கு என்றால் அவர்கள் தமிழில் துப்பாக்கி.) கூட்டம் சிரித்தது. தர்மலிங்கம் சிரிக்கவில்லை. டீவியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போனது எனக்கே தெரிந்தது.

கடைசி நிகழ்ச்சி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் ஓட்டம். மேலே டிராக் சூட்டும் கீழே ஆபீஸ் ஷூவுமாக எல்லோரும் கோட்டில் வந்து நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் தர்மலிங்கம், அவருக்கு அந்தப் பக்கம் நடராசா சித்தப்பா. நான் பெட்டியைத் திறந்து பெரியதை எடுத்தேன்.

மைக் பிடித்திருந்தவர், "தம்பி, ஏதும் அறிவிக்கோணுமோ?" என்று கேட்டார்.

"வேண்டாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அறிவித்துவிட்டால் பிரமிப்பு எங்கிருந்து வரும்?

சுட்டேன். காது அடைத்துவிட்டது. ஒருவர்கூட ஓடவில்லை. எல்லோரும் விழுந்தார்கள். ஓட வந்தவர்கள் மட்டுமல்ல, நாற்காலிகளில் இருந்தவர்களில் பாதிப் பேரும் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு தரையில் குப்புறக் கிடந்தார்களாம். நான் அதைப் பார்க்கவில்லை. ஏனென்றால் என் முகம் புல்லில் இருந்தது. என் முதுகின்மேல் தர்மலிங்கம் இருந்தார்.

"தலையைத் தூக்காதையும்" என்றார் காதருகில். என் தலையை அவர் கை அழுத்திப் பிடித்திருந்தது. அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது.

அவர்கள் எல்லோரும் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தத்தையும் அவர்களையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை. எனக்கு வெடிச்சத்தம் என்றால் தீபாவளி. புல்லில் கிடந்தபடியே வெட்கத்தில் செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

சிறிது நேரம் கழித்து அவர் கை தளர்ந்தது. என் கையில் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைப் பார்த்தார்.

"நீரோ சுட்டது?"

"ஆமா, அங்கிள்."

பிள்ளைகள் மட்டும் நின்றபடி பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பப்பா, இஸ் திஸ் யோகா?" என்று ஒரு பையன் தன் தாத்தாவைக் கேட்டான். தரையிலிருந்து யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு வரிசை முழுவதும் கிடந்தபடியே சிரித்தது. அவர்கள் சிரித்திருக்காவிட்டால் நான் இன்றைக்கு வேறு ஊரில் இருந்திருப்பேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நடராசா சித்தப்பா மட்டும் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, ஆற அமர நடந்துபோய் முதலிடம் பெற்றார். அது செல்லுமா செல்லாதா என்று நடுவர்கள் கூடிப் பேசினார்கள். "ஓட்டம் எண்டுதானே சொன்னது. விழுந்துபோட்டு எழும்பக் கூடாதெண்டு ஆர் சொன்னது?" என்று சித்தப்பா வாதாடிக் கோப்பையை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

நான் ஒவ்வொருவரிடமாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஒரு அம்மா எனக்கு ரோல்ஸ் கொடுத்து, "பயந்துபோனீரோ?" என்று என்னையே விசாரித்தார்.

மாலையில் குட்மேய்ஸ் வீட்டில் தேநீர். நான் தர்மலிங்கத்திடம் தயங்கித் தயங்கி, "என்னை எதுக்கு அங்கிள் காப்பாத்தினீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்தில ஆர் நிக்கினம் எண்டு பாத்துக்கொண்டோ விழுறது? ஆரெண்டாலும் விழுந்துதானிருப்பன்" என்றார்.

எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. ஆனால் யாழினியின் அம்மா விடவில்லை. "அப்ப ஒண்டு கேக்கிறன். மற்றப் பக்கம் நிண்டது உங்கட சொந்தத் தம்பி. அவரை விட்டிட்டு இஞ்சாலை ஏன் விழுந்தனீங்கள்?"

கோப்பையை மடியில் வைத்திருந்த சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதானே. என்னைக் காப்பாத்த ஒருத்தரும் வரேல்லை எண்டுதான் நான் எழும்பிப் போனனான்."

தர்மலிங்கம் பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்து, "தம்பி, உம்மட அப்பா அம்மாவை எப்ப இஞ்ச கூப்பிடுவம்?" என்று கேட்டார். யாழினி சமையலறைக்குள் போய் அழுதாள். நான் அழுகையை மறைக்க ஒரு பருத்தித்துறை வடையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

இப்போது அவர் எனக்கு மாமா. நான் செய்த முட்டாள்தனத்துக்கு இவ்வளவு பெரிய பரிசு வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. பிறந்தநாள் விழாவில் பலூன் வெடித்தாலும் சரி, குக்கர் விசிலடித்தாலும் சரி, நடராசா சித்தப்பா உடனே, "அண்ணை, இந்த முறை எந்தப் பக்கம்?" என்று கேட்பார். வீடே சிரிக்கும். மாமா மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் என் பக்கமாக ஒரு அடி நகர்ந்து நிற்பார்.