பீப்பாய் அண்ணனின் கடல் தொட்டி

சைகோன் நகரத்திலேயே எந்த மூடியையும் நம்பாத மனிதர் பீப்பாய் அண்ணன் ஒருவர்தான். கடையில் மீன் சாஸ் வாங்கினால் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஒரு சாவு வீட்டில், சவப்பெட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்று தச்சரிடம் விசாரித்து எங்கள் மானத்தை வாங்கினார்.

காரைக்கால்காரர். இளமையில் ஐரோப்பியக் கப்பல் ஒன்றில் வேலை. அணுக்கழிவை இரும்புப் பீப்பாய்களில் அடைத்து, சிமெண்ட் போட்டு, அட்லாண்டிக் கடலில் இறக்கியவர்களில் அவரும் ஒருவர். எத்தனை காலம் தாங்கும் என்று அதிகாரியைக் கேட்டாராம். நம் காலத்துக்குத் தாங்கும் என்று அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு அண்ணனை விடவேயில்லை.

போர் முடிந்து வெகுகாலம் கழித்து, வியட்நாமிய மனைவி லானோடு இங்கே குடியேறினார். நான் அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். இறால் ஏற்றுமதி ஆபீசில் வேலை.

மொட்டைமாடியில் அண்ணன் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். வுங் தாவ் கடற்கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவார். காப்பிக்கு வாங்கும் கெட்டிப் பால் டப்பாவில் நீல மையை ஊற்றி, சிமெண்டுக்குள் புதைத்து, தொட்டியில் போட்டிருந்தார். தண்ணீர் நீலமானால் கடலடியில் தன் பீப்பாய்களும் போச்சு என்று அவர் கணக்கு. காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பார். தெளிவாக இருந்தால்தான் காப்பி இறங்கும்.

ஒரு ஞாயிறு அவர் மாதா கோயிலுக்குப் போயிருந்தபோது துணி காயப்போட மாடி ஏறினேன். தொட்டி முழுக்க நீலம். லான் அண்ணி அதை வாளியில் மொண்டு கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிமெண்ட் பூசிய புது டப்பா. இது முதல் தடவை இல்லையாம். அவர் பார்த்தால் தூக்கம் போய்விடும் என்றார். நானும் ஒரு வாளி எடுத்தேன்.

பிற்பாடு அண்ணன் படுத்த படுக்கையானார். மாடி ஏற முடியாமல், தொட்டியைப் பார்த்துவர என்னை அனுப்பினார். தெளிவாக இருக்கிறது என்று வந்து சொன்னேன்.

"இது எத்தனாவது டப்பா தம்பி?"

நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

"அவகிட்ட சொல்லிடாதே. பாவம், சிமெண்டு குழைக்க வராது அவளுக்கு, கலவையில தண்ணிய அள்ளி ஊத்திடுவா. அதான் நடமாடின வரைக்கும் சனிக்கிழமையே அவளுக்காக மணலைச் சலிச்சு வச்சிட்டிருந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இங்க மாத்திப் போட அவ இருக்கா. அங்க யாரு இருக்கா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய கடலுக்காக ஒரு ஆள் கவலைப்பட்டு நான் பார்த்தது அவரைத்தான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.