பெடல் சுற்றிக் கேட்ட மாப்பிள்ளை

வட்டுக்கோட்டை,
ஆவணி 1993.

அன்புள்ள தம்பி தில்லைநாதனுக்கு,

சிவன் அருளால் நீயும் மச்சாள் நாகேஸ்வரியும் மருமகன் ரமணனும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மாடும் சுகம். மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. இவற்றை எழுதினால் முறைப்பாடு ஆகிவிடும் என்பதால் எழுதவில்லை.

உன் கடிதமும் ரமணன் பேசிப் பதிந்த கசற்றும் கிடைத்தன. நெல்லியடிப் பத்மாவதியின் மகள் கனகாம்பிகையை ரமணனுக்குப் பேசுவதாகவும், சாதகம் பொருந்திவிட்டதாகவும், இனிப் பெண்ணின் ஆங்கிலத்தை நான் சோதித்து ஓம் என்றால் கலியாணம், இல்லை என்றால் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அதன் கீழே மச்சாள், "தபாற்கந்தோரிலை நிண்டு முழிக்கிற மருமகள் எனக்கு வேண்டாம்" என்று தன் கையால் சேர்த்திருந்தாள். மச்சாள் லண்டனுக்குப் போன புதிதில் பால்காரனிடம் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதி உங்கள் வீட்டு அமைதியைக் கெடுக்க மாட்டேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்த காலத்தில் தண்ணீர் குடிக்கக்கூட 'மே ஐ' என்று கேட்டுவிட்டு எழுந்தவள் நான். ஆகையால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

பெண்ணைக் கோயிலிலே தற்செயலாகச் சந்திப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் அம்மன் சந்நிதியில் நின்று ஆங்கிலம் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே அந்தத் தற்செயலை என் வீட்டில் வைத்துக்கொண்டோம். பத்மாவதி முதல்நாளே பக்கத்துச் சங்கானையில் வந்து தங்கி, மறுநாள் நல்ல நேரம் பார்த்துத் தற்செயலாக வந்தாள். "ஊறுகாய் போடத் தேசிக்காய் வாங்க வந்தனாங்கள் அக்கா, அப்பிடியே உங்களையும் எட்டிப் பாப்பமெண்டு" என்றாள். நெல்லியடிச் சந்தையில் இல்லாத தேசிக்காயா? அதுவும் மகளுக்குப் பட்டுச்சேலை உடுத்தி, அவளைச் சைக்கிள் மிதிக்கவிட்டு, தான் கரியரில் ஏறிக்கொண்டு! நானும் மரியாதைக்குத் தேசிக்காயின் விலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தேன்.

பிறகு கதிரையில் நிமிர்ந்திருந்து, உன் அப்பா எங்கே என்று பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவளும் ஆங்கிலத்தில், "அவர் சந்தையில் இருப்பதாக நம்பப்படுகிறது" என்றாள். ஆளைக் காணவில்லையாக்கும் என்று எனக்கு நெஞ்சு திடுக்கிட்டுவிட்டது. உனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டேன். தாயை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதுபற்றி முரண்பட்ட தகவல்கள் வெளியாகியுள்ளன" என்றாள். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபோது, "தேநீர் வழங்கப்பட்டது, சேதம் எதுவும் ஏற்படவில்லை" என்றாள். எல்லாம் செயப்பாட்டுவினை! இந்தப் பிள்ளையின் ஆங்கிலத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படுகின்றன.

"உதை எங்கை பிள்ளை படிச்சனீ?"

"றேடியோவிலை மாமி. சைக்கிள் டைனமோவிலை பூட்டி லண்டன் செய்தி கேக்கிறனான். செய்தியிலை ஆர் செய்ததெண்டு கனக்கச் சொல்லமாட்டினம். அது நல்ல வசதி."

"என்ன வசதி?"

"வீட்டிலை கோப்பை உடைஞ்சால் வசதி மாமி."

நான் சிரிக்கவில்லை. சோதிப்பவர் சிரிக்கக் கூடாது. பத்மாவதிதான் பொறுக்கமாட்டாமல், "என்னக்கா, பிள்ளை பாஸோ?" என்றாள். "அவசரப்படாதையும் பத்மாவதி" என்று சொல்லிவிட்டு உன் கசற்றை எடுத்தேன். மருமகனின் லண்டன் ஆங்கிலம் பெண்ணுக்கு விளங்குகிறதா என்று பார்க்கத்தானே அனுப்பினாய்? அவர்களுடைய சைக்கிளையே முற்றத்தில் கவிழ்த்து, டைனமோவில் என் கசற் றெக்கோடரின் வயரைப் பூட்டி, பக்கத்து வீட்டு முருகேசுவைக் கூப்பிட்டுப் பெடலைக் கையால் சுற்றவிட்டேன். முதற் பக்கத்தில் நீ எழுதிக் கொடுத்ததை ரமணன் வாசித்திருக்கிறான், அதில் குறை இல்லை. மற்றப் பக்கத்தில் அவன் தானாகக் கதைத்திருக்கிறான். அதை நீ கேட்டிருக்க மாட்டாய். கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய்.

அதற்குள் முருகேசுவுக்குக் களைத்துவிட்டது. கை தளரத் தளர மருமகனின் குரலும் தளர்ந்து, ஒவ்வொரு சொல்லும் எருமை மாடு படுக்கையிலிருந்து எழும்புவது போல வந்தது. பத்மாவதி விறைத்துப் போனாள்.

"ஐயோ அக்கா, பெடியன் நல்ல வெறியிலையெல்லே கதைக்குது! எழும்பு பிள்ளை, போவம். குடிகாரனுக்கு நான் பிள்ளை குடுக்கமாட்டன்."

உன் மகனின் கலியாணம் அந்த இடத்தில் குழம்ப இருந்தது, தம்பி. "முருகேசு, கெதியாச் சுத்து!" என்று கத்தினேன். அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. சுற்றின சுற்றில் ரமணன் அணில்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டான். "இப்ப உது ஆர்? மாப்பிள்ளையின்ரை தங்கச்சியோ?" என்று பத்மாவதி கேட்டாள். பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் பார்க்காதவள் போல இருந்தேன். கடைசியில் அவளே, "அண்ணை, ஒரே சீராச் சுத்துங்கோ. ஊஞ்சல் ஆட்டிற மாதிரி" என்று சொல்லிக் கொடுத்தாள்.

சீராகக் கேட்ட பிறகுதான் என் மனம் உடைந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'யூ நோ' என்கிறான். எங்களுக்குத் தெரிந்திருந்தால் ஏன் பெடல் சுற்றுகிறோம்? முடிக்கும்போது 'இன்னிட்' என்று ஒன்று போடுகிறான். அது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா, தும்மலா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரே வாக்கியத்தில் இரண்டு தரம் இல்லை என்கிறான். ஒருமைக்கும் பன்மைக்கும் அவன் வித்தியாசம் பார்ப்பதே இல்லை. எங்கள் மடத்துப் பள்ளிக்கூடத்தில் என்றால் வெயிலில் முழங்காலில் விட்டிருப்பார்கள். ராணி இருக்கிற ஊரிலா இதைக் கதைக்கிறார்கள்?

"உனக்கு ஏதும் விளங்குதோ பிள்ளை?"

"விளங்குது மாமி."

"எங்கை, சொல்லு பாப்பம்."

அவள் இப்போது சிரிக்கவில்லை. "எனக்கு விருப்பமில்லையெண்டால் நான் பயந்து ஓமெண்டு சொல்லத் தேவையில்லையாம். தான்தான் வேண்டாமெண்டு சொன்னதெண்டு தன்ரை அம்மாவுக்குச் சொல்லுவாராம். ஏச்சைத் தான் வாங்குவாராம்" என்றாள்.

முருகேசுவின் கை தானாக நின்றுவிட்டது. பத்மாவதி என் காதருகே வந்து, "குடிகாரன் உப்பிடிக் கதைக்கமாட்டான், என்னக்கா?" என்றாள். நான் என் கடமையை விடாமல், உன் விருப்பம் என்ன என்று பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "இதுவரை கருத்து எதுவும் தெரிவிக்கப்படவில்லை" என்றாள். முகம் மட்டும் செவ்விளநீர் போல இருந்தது. (மருமகன் சொன்னதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டாதே.)

ஆகவே என் முடிவை ஒளிக்காமல் எழுதுகிறேன். பெண் ஆங்கிலம் கதைக்கவில்லை, செய்தி வாசிக்கிறாள். உன் மகன் அதுவும் இல்லை. இருவரும் சித்தியடையவில்லை, இருவரிலும் ரமணனுக்கே புள்ளி குறைவு. வாயைத் திறந்தால் இரண்டு திசைக்குப் போகிற இவர்கள் ஒரு வீட்டில் எப்படிக் குடும்பம் நடத்துவது? படித்த படிப்புக்கு மாறாக என்னால் ஓம் என்று எழுத முடியாது. இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொள். மருமகனுக்கு நல்ல புத்தியும் நல்ல இலக்கணமும் உண்டாக அம்மனை வேண்டுகிறேன்.

உன் அன்புள்ள அக்கா,
ஞானாம்பிகை கனகசபாபதி

பி.கு.: கடிதத்தை மாற்றி எழுதத் தாள் இல்லை, ஆகையால் மேலே உள்ள முடிவைப் பேனாவால் வெட்டிவிட்டு இதை வாசி. கொழும்புக்குப் போகும் தம்பிஐயாவிடம் கடிதத்தைக் கொடுக்க இருந்த வேளையில் கனகாம்பிகை சங்கானையிலிருந்து தனியே சைக்கிளில் வந்தாள். "மாமி, கசற்றின்ரை கடைசியிலை கொஞ்ச இடம் சும்மா கிடக்கு. அவருக்கு நான் ஒரு பதில் சொல்லட்டோ?" என்றாள். உதவிக்கு வந்த முருகேசுவை மாட்டுக்குப் புல் வெட்ட அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு, இந்த வயதில், நானே பெடலைச் சுற்றினேன். அவள் ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கினாள். நாளைப் பார்த்து எழுது, பத்மாவதிக்கு அவளிடமே ஓம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இத்துடன் வரும் கசற்றை ரமணனின் கையில் கொடுத்துவிட்டு நீயும் மச்சாளும் வெளியே போய் நில்லுங்கள். ஒருவருக்கென்று சொன்னதை மற்றவர் கேட்பது அழகல்ல. நானும் காதைப் பொத்திக்கொண்டேன், ஆனால் ஒரு கை பெடலில் இருந்தபடியால் ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.