மண் படாத மண்புழு

மழலையர் வகுப்புப் பிள்ளைகள் மண்புழுவை நேரில் தொட்டறிய வேண்டும் என்று கல்வி அலுவலகம் ஆணையிட்டது. சின்ன வயதில் புழுவைத் தொடாத பிள்ளை வளர்ந்தபின் மரத்தை மதிக்காது என்று எங்கோ ஒரு மாநாட்டில் பேசிக்கொண்டார்களாம். உடனே பெரிய பள்ளிகள் எல்லாம் வாசலில் 'இங்கு மண்புழு உண்டு' என்று பலகை மாட்டின. புழு இல்லாத பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் அதை வெளியே சொல்லக் கூசினார்கள்.

பாலர் வகுப்பு டீச்சருக்கு இதில் ஆட்சேபணை ஏதும் இல்லை. வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே காலம் தள்ளுகிறவள். புழுப் பாடத்தைப் பார்த்து ஆய்வாளர் திருப்தி அடைந்தால் வேலை நிரந்தரம் என்று தாளாளர் அம்மா சொல்லியிருந்தார். அவள் குழாயடிச் சேற்றைக் கிளறி, பழைய பிஸ்கட் டப்பா நிறைய மண்ணும் புழுவுமாகக் கொண்டுவந்து வைத்தாள். வாயாடி என்று பேரெடுத்த குட்டிப்பெண் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"தொட்டுப் பாரு, தெரியும்."

வாயாடி விரலை நீட்டுவதற்குள் தாளாளர் அம்மா ஓடி வந்தார்.

"ஐயையோ, கைய எடு! டீச்சர், பிள்ளைங்க மண்ணைத் தொடக்கூடாதுன்னு சுகாதார அலுவலகம் போன வருஷமே சொல்லியாச்சே, மறந்துட்டீங்களா?"

"கல்வி அலுவலகம் தொடணும்னு சொல்லுதே மேடம்."

"தொடட்டும். யாரு வேண்டாம்னா? மண்ணு படாம தொடட்டும்."

மண்ணை அலசிக் கொட்டினார்கள். வெள்ளைத் தட்டில் கிடந்த புழுக்களைப் பார்த்தபோது, புழுவுமே சுத்தம்தானா என்ற ஐயம் எழுந்தது. வெள்ளை ரப்பர் கையுறை வாங்கி வரச் செய்தார்கள். பெரியவர்கள் அளவு. வாயாடிக்கு மாட்டியதும் அது தோள்வரை ஏறி நின்றது.

தாளாளர் அம்மா ஆழ்ந்து யோசித்தார். கைக்கும் புழுவுக்கும் நடுவில் ஓர் உறை இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அதைக் கைதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எந்த ஆணையிலும் இல்லை.

"புழுவுக்குப் போட்டுவிடுங்க டீச்சர்."

டீச்சர் கையுறையின் விரல்களைக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு புழுவை விட்டு, வாயை நூலால் கட்டினாள். சற்று நேரத்தில் நெளிவு குறைந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. மேடம் வீட்டுக்குக் கிளம்பியதும் எல்லாவற்றையும் அவிழ்த்துக் குழாயடியில் விட்டாள். உறைகளில் ஈரப்பஞ்சை அடைத்துக் கட்டினாள். பிள்ளைகள் தினமும் அவற்றைத் தொட்டுத் தொட்டு ஒத்திகை பார்த்தார்கள்.

ஆய்வாளர் வந்தார். ஓர் உறையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"துடிக்குது பாருங்க! முந்தி பார்த்த பள்ளியில இவ்வளவு துடிப்பு இல்ல."

"நல்ல ஊட்டம் குடுக்கிறோம் சார்," என்றார் தாளாளர் அம்மா.

"பிள்ளைங்களா, மண்புழு எப்படி இருக்கும்?"

"வெள்ளையா!"

"வழவழன்னு!"

"ஒரு பக்கம் நூல் கட்டியிருக்கும்!" என்றாள் வாயாடி.

ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். "இதெல்லாம் அனுபவத்துல வர்ற பதில். புத்தகத்தைப் படிச்சா வருமா?" டீச்சரை நிரந்தரமாக்கும்படி அங்கேயே பரிந்துரைத்தார். ஆணை கைக்கு வரும்வரை புகார் எதுவும் எழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

சில நாளில் நல்ல மழை. விட்டதும் குழாயடி ஈரத்தில் ஒரு புழு மெல்ல நீண்டு, சுருங்கி, நீண்டு போய்க்கொண்டிருந்தது. டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓடினாள்.

"பாருங்க, மண்புழு! வாயாடி, தைரியமா தொடு."

வாயாடி குனிந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"சீ! சட்டையே போடல!"

"நூலும் இல்ல," என்றான் இன்னொருவன். "இது மண்புழுவே இல்ல டீச்சர். பொய் சொல்றீங்க. மேடம்கிட்ட சொல்றேன்."

"சொல்லு, சொல்லு!" என்று மற்றவர்கள் குதித்தார்கள்.

மாடி ஜன்னல் திறந்தது.

"என்ன டீச்சர் அங்க கூச்சல்?"

டீச்சர் புழுவைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். ஆணை இன்னும் வந்தபாடில்லை.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றாள். "மண்புழு மாதிரி ஏதோ ஒண்ணு வந்திருக்கு. போலின்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சுட்டாங்க."