வெடிப்போடியார் சமாதான நீதவானான கதை

மண்டூரில் வெடிப்போடியாரோடு சண்டை பிடிக்காதவர் யாராவது இருந்தால், அவர் அன்று காலையில்தான் பிறந்திருக்க வேண்டும். நிறைய வயல் வைத்திருந்ததால் போடியார். வாய் திறந்தால் வாவிக்கு அக்கரையிலும் கேட்கும் என்பதால் வெடி.

1960களில் ஒரு நாள், இந்த மனிதருக்குச் சமாதான நீதவானாக ஆசை வந்தது. ஊராரின் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்திக் கையெழுத்திடும் சம்பளமில்லாத பதவி, ஆனால் பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று போடலாம். தொகுதி எம்.பி. சிபாரிசு செய்தார்.

"இனிப் பொலிஸ் வந்து உங்கட நடத்தையை விசாரிக்கும், போடியார். கொஞ்சம் அமைதியா இருங்க" என்றும் எச்சரித்தார்.

அன்றோடு வெடி நனைந்துவிட்டது. பரம எதிரியான பக்கத்து வயல் ஆறுமுகத்தாரின் எருமை இவருடைய வயல்வட்டைக்குள் இறங்கிப் பயிரை மேய்ந்தது. "தின்னட்டும், வாயில்லாச் சீவன்" என்றார் போடியார். ஆறுமுகத்தாருக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

மாதங்கள் போயின. ஒரு நாள் போடியாரும் ஊர்ப் பொடியன்கள் நாங்களும் வாவியைக் கடக்கத் துறையில் நின்றோம். சாரம் கட்டிய வெளியூர்க்காரர் ஒருவர், மீன் விற்கும் கிழவியைப் படகிலிருந்து இறங்கச் சொன்னார்.

"நாறுது. அடுத்த தரம் வா."

போடியார் பல்லைக் கடித்தார். வேட்டியை முறுக்கினார். பிறகு வெடித்தார்.

"ஆரடா நீ? நாத்தமெண்டா நீ நீந்திப் போ! ஆச்சி, நீ இருகா!"

வந்தவர் நீந்தவில்லை. போடியாரைப் பற்றி விசாரிக்கச் சீருடை இல்லாமல் வந்த பொலிஸ் சார்ஜன்ட் அவர்.

எல்லாம் முடிந்தது என்று போடியார் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சார்ஜன்ட் நேராக ஆறுமுகத்தாரிடம் போனார்.

"ஓம் ஐயா, எனக்கும் அவருக்கும் எப்பவும் சண்டைதான்" என்றார் ஆறுமுகத்தார். "ஆனா எளியதுகளோட அவர் ஒரு நாளும் சண்டை பிடிச்சதில்ல. கெதியாப் பதவியைக் குடுங்க. மனிசன் பேசாம இருக்கிறது எங்களுக்குப் பயமாக் கிடக்கு."

சார்ஜன்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிபாரிசும் தப்பிப் பிழைத்தது.

மட்டக்களப்பு நீதிமன்றத்தில் போடியார் சத்தியப்பிரமாணம் செய்த சத்தத்தில், வெளியே மாமரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன.

முதல் வேலைக்கு விண்ணப்பிக்க, சான்றிதழ்ப் பிரதிகளோடு நானும் அவரிடம் போனேன். தலைமயிர் வளர்த்ததற்கு, கணக்கில் புள்ளி குறைந்ததற்கு, சாப்பிடாமல் வந்ததற்கு என்று தனித்தனியாக ஏசினார். சோறு போட்டார். பிறகுதான் கையெழுத்து.

அதற்குப் பின் எத்தனையோ பேர் என் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர்கூட நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை.