சின்னத்துரையிடம் கிளி கேட்ட கேள்வி

வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வாரத்தில் அடக்கமாக இருந்த மனுஷரை நான் பார்த்ததில்லை. நான் கொஞ்சம் ஓவர். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்த முதல் பெண் நான்தான். (தோட்டமே சொன்னது. சரி, நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்குவது என் கனவு. முன்பு கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன அறை அது. சாவி சின்னத்துரையிடம், அதாவது தோட்டத்து உதவி மேனேஜரிடம், இருந்தது. புதிதாக வந்த சிங்கள இளைஞர், கல்யாணம் ஆகாதவர்.

"விஜயதசமிக்கு கோயிலுக்கு நான் வாறது. மெஷின் வேலை செய்றது காட்டுங்க மிஸ். நல்லம்னா சாவி தாறது" என்றார்.

கம்ப்யூட்டரை ஹட்டனில் வாங்கினேன். "எல்லாமே உள்ளுக்குள்ள போட்டுத்தான் தாறேன் தங்கச்சி" என்றார் கடைக்காரர். மனுஷன் பொய் சொல்லவில்லை. இன்டர்நெட்டே எட்டிப் பார்க்காத எங்கள் லயத்துக்கு விளம்பரங்கள் பெட்டியோடு பார்சலாக வந்திருந்தன. உடம்பு இளைக்க மாத்திரை, ராசிபலன், இல்லாத பிரிண்டருக்கு மை வாங்கச் சொல்லிக் கெஞ்சும் ஒன்று. அப்புறம் ஒரு பச்சைக்கிளி. கூப்பிடாமலே பறந்து வந்து இங்கிலீஷில் பேசும். அழித்தால் அடுத்த நாள் சொந்தபந்தத்தோடு திரும்பி வரும். திரை மூலையில் இருக்கும் எக்ஸை அமுக்குவது ஒன்றுதான் வழி.

விஜயதசமியன்று கோயிலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, அப்பாவின் மண்வெட்டி எல்லாவற்றோடும் என் கம்ப்யூட்டரும் மாலை போட்டு உட்கார்ந்திருந்தது. நான் புடவை கட்டி வருவதற்குள், திரையின் வலது மேல் மூலையில் வடை அளவுக்கு ஒரு குங்குமப் பொட்டு.

"ஏம்மா அங்க போயி வச்ச?"

"நடுவுல வச்சா படத்த மறைக்கும்னு யோசிச்சுத்தான்டி ஓரமா வச்சேன்!"

தீபாராதனை முடிந்தது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கம்ப்யூட்டரைக் கோயில் குழாய் ஸ்பீக்கரில் வேறு மாட்டியிருந்தேன் (புத்திசாலி!). சின்னத்துரையின் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தேன். கைதட்டல் மலையில் எதிரொலித்தது. சாவிக்கொத்து அவர் விரலில் ஆடியது. அப்போதுதான் கிளி வந்தது.

"தனியாகத் தவிக்கிறீர்களா? உங்களுக்கேற்ற பெண் இங்கேயே இருக்கிறாள்!" என்று அது இங்கிலீஷில் அலறியது எதிர் மலை லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

எக்ஸ் பொட்டுக்கு அடியில். முந்தானையால் துடைக்கப் போனேன்.

"சாமி பொட்ட அழிப்பியா? கைய எடுடி!" அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

குருட்டாம்போக்கில் அமுக்கினேன். மாத்திரை வந்தது. மறுபடி அமுக்கினேன். ராசிபலன் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிளி அதே கேள்வியைக் கேட்டது.

"கிளி என்னடி சொல்லுது?"

"தொரைக்கு வணக்கம் சொல்லுதும்மா."

"அதுக்கு எதுக்குடி அவரு மொகம் செவக்குது?" என்னை நம்பாமல் அம்மா நேராக அவரிடமே போனார். "ஏங்க தொரை, கிளி என்னங்க சொல்லுது?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "கிளி... எனக்கு ஒரு பொண்ணு இருக்கு சொல்றது. இங்கயே இருக்கு சொல்றது."

தோட்டம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த ஒரே பொண்ணைப் பார்த்தது. நான் திரையைப் பார்த்தேன். கிளி கண்ணடித்தது.

அப்பா எழுந்து வந்து வயரைப் பிடுங்கினார்.

சாவி போச்சு, மானமும் போச்சு என்று தலையைக் குனிந்தேன். சின்னத்துரை ஒரு சத்தம் போட்டார். திட்டுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை என் கையில் வைத்தார்.

"வகுப்பு செய்ங்க மிஸ். கிளி மட்டும் வேணாம்."

வகுப்பு நடந்தது. கேட்காமல் வருவதை மூடுவது எப்படி என்பதுதான் முதல் பாடம்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி (கிளி சொன்ன மாப்பிள்ளை இல்லை, வேறொருவர்) ராகலையில் இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பூசைக்கு அம்மா வருவார். என் லப்டொப் முன்னால் நின்று, குங்குமம் தொட்ட விரலை உயரப் பிடித்துக்கொண்டு, என் கணவருக்குக் கேட்கும்படியே கேட்பார்:

"மருமகன் பக்கத்துலயே இருக்காரு, மறுபடி கிளி வந்துச்சுன்னா வம்பு. பாத்துச் சொல்லுடி, பொட்ட எந்தப் பக்கம் வைக்க?"