இரண்டு விரல் இடைவெளி

அன்று சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: குடும்பத் தலைவரான தையல்காரர், அவர் மனைவி, வங்கியில் வேலை பார்க்கும் மகன், கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகள், பிறகு மனைவியின் தம்பி. கடையில் எந்நேரமும் வாயில் குண்டூசியோடு நிற்பதால் அந்தத் தம்பிக்குக் குண்டூசி என்றே பெயர். உருவத்துக்கும் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. பூனையும் இருந்தது. அதை யாரும் அழைக்கவில்லை.

இத்தனை பேர் கண்ணெதிரே, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளக் கை நீட்டிய தையல்காரரின் பேன்ட் கொக்கி தெறித்து, தண்ணீர் டம்ளருக்குள் டங்கென்று விழுந்தது.

"மட்டமான கொக்கி" என்றார் தையல்காரர்.

"நேத்து வரைக்கும் இதுதான் உலகத்துலயே உசத்தியான கொக்கின்னு சொன்னீங்க" என்றாள் மனைவி.

"இப்ப வர்ற சரக்கு சரியில்ல."

"சரக்கு சரியாத்தான் இருக்கு. வயிறுதான் சரியில்ல." அவள் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "இவர மட்டும் சொல்லல. எல்லாரையுந்தான் சொல்றேன். நானும் அதுல சேர்த்தி. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள இந்த வீட்டுச் சாப்பாட்டையே மாத்தப்போறேன்."

குண்டூசி, தட்டில் மீதியிருந்த உருளைக்கிழங்கு வறுவலை அவசர அவசரமாக வாயில் அள்ளிப் போட்டான். "இன்னிக்கேவா அக்கா?"

"ஒரேயடியா மாத்தினா நீங்கள்லாம் வீட்ட விட்டே ஓடிருவீங்க. கொஞ்சம் கொஞ்சமா. நாக்குக்கே தெரியக்கூடாது."

சம்பந்தி என்ற பேச்சு வந்ததும் தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா பெரிய துணிக்கடைக்காரர். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, ஒன்றே ஒன்று பாக்கி. கல்யாண உடுப்புகளை யார் தைப்பது? என் கடையில் ரெடிமேட் மலைபோல் கிடக்கிறது, எதற்குத் தைக்க வேண்டும் என்றார் சம்பந்தி. தன் மகள் கல்யாணத்தில் எவனோ தைத்ததை எல்லோரும் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதைவிட, கடையை மூடிவிடலாம் என்பது தையல்காரர் கட்சி. "சரி, நேர்ல வரேன். உங்க கைவேலையப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று சம்பந்தி இறங்கி வந்திருந்தார். மானம் அந்த வருகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் இரண்டு பொருள்கள் கிடையாது. ஒன்று பெல்ட். தையல்காரர் தைத்த பேன்ட் தானாக நிற்க வேண்டும், அதற்கு முட்டுக் கொடுப்பது தைத்தவனை அவமானப்படுத்துவது. அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்து இடுப்பில் பெல்ட் ஏறியதில்லை. இன்னொன்று எடை பார்க்கும் மெஷின்.

"தையக்காரன் வீட்டுக்கு மெஷின் எதுக்கு?" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு பழைய உடுப்பப் போட்டுட்டு வந்து நில்லுங்க. இடுப்புப் பட்டிக்குள்ள ரெண்டு விரல் நுழைஞ்சா உடம்பு சொன்ன பேச்சக் கேக்குதுன்னு அர்த்தம்."

"நாணயமான ஏற்பாடு" என்று தையல்காரர் ஒப்புதல் கொடுத்தார்.

முதலில் தேநீரில் சர்க்கரை குறைந்தது. அது பரவாயில்லை. பிறகு தட்டுகள் சிறுத்தன.

"அக்கா, இது தட்டா, டம்ளர் மூடியா?" என்றான் குண்டூசி.

"முதல்ல காயத் தின்னு. அப்புறம் சோத்தப் பத்திப் பேசு."

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தையல்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, வேகவைத்த பீன்ஸைக் கம்பீரமாக மென்றார்.

கீழே கடை, மேலே வீடு, எதிரே பேக்கரி. அன்று பகலில், குண்டூசி பட்டன் வாங்கப் போன நேரம் பார்த்து, கம்பீரம் தெருவைக் கடந்தது.

"ஒரு கிரீம் பன்" என்றார் தையல்காரர், அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு.

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்தார். "வீட்டுல தெரியுமா அண்ணே?"

"உன்ன பன் கேட்டேன், விசாரணை கேக்கல."

பன் வந்தது. மறுநாளும் வந்தது. அந்த வாரம் முழுக்க வந்தது. சனிக்கிழமை அந்தப் பழைய பேன்ட்டைப் போட்டுப் பார்த்தபோது இரண்டு விரல் அல்ல, ஒரு நூல்கூட நுழைய இடமில்லை.

நல்ல தையல்காரர் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பார், பின்னால் தேவைப்பட்டால் பிரித்துவிட. வாடிக்கையாளர்களுக்காக விட்ட அந்த வழி தனக்கே உதவும் என்று அவர் நினைத்ததில்லை. பிரித்தார், தள்ளித் தைத்தார், பழைய தையல் தடத்தை நீராவி போட்டுத் தேய்த்து மறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் இரண்டு விரலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின.

"பாருங்கடா உங்கப்பாவ! வாய் பேசாம சாதிச்சுட்டாரு!"

தையல்காரர் அடக்கமாகத் தலையசைத்தார். அதற்கான பலன் உடனே கிடைத்தது.

"உங்களுக்கு நல்லா ஒத்துக்குது. மத்தவங்களுக்காக நீங்க காத்திருக்க வேண்டாம். நாளையிலேருந்து உங்களுக்கு ராத்திரியில சூப் மட்டும்."

சூப் குடித்தவருக்கு மறுநாள் ஒரு பன் போதவில்லை. இரண்டு தின்றார். இரண்டு பன்னுக்கு ஏற்றபடி பேன்ட்டை இன்னும் கொஞ்சம் பிரித்தார். மூன்று விரல் நுழைந்தது. அவருக்கு வறுவல் நின்றது.

மகனும் குண்டூசியும் முறைத்தார்கள். அவர்கள் பட்டியில் ஒரு விரல் நுழையவே மூச்சை அடக்க வேண்டியிருந்தது.

"நாங்களும் அதே பீன்ஸத்தான் திங்கிறோம்" என்றான் மகன். "அப்பாவுக்கு மட்டும் எப்படிம்மா?"

"அத்தான் உடம்புல ஏதோ சூட்சுமம் இருக்கு" என்றான் குண்டூசி. அவன் தையல் தெரிந்தவன். அவன் கண் அத்தானின் இடுப்புப் பக்கம் போவது நல்லதல்ல.

எனவே அந்த வாரம் இஸ்திரிக்கு வந்த மகன் பேன்ட்டும் மைத்துனன் பேன்ட்டும் ரகசியமாக அகலமாயின. மனைவியின் உடுப்பில் கை வைக்க மட்டும் அவருக்குத் துணிவு வரவில்லை. மகளுக்குக் குறைக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடே குதூகலித்தது. "ரெண்டு விரல் அக்கா! என் இடுப்புல ரெண்டு விரல்!" என்று குண்டூசி பூனையிடம்கூடக் காட்டினான்.

அதன் விளைவைத் தையல்காரர் எதிர்பார்க்கவில்லை. பொய்யாக நுழைந்த இரண்டு விரல் அவர்களுக்கு நிஜமான வெறியைக் கிளப்பிவிட்டது. மகன் வங்கிக்கு நடந்தே போக ஆரம்பித்தான். குண்டூசி தானாகவே வறுவல் கிண்ணத்தைத் தள்ளிவைத்து, "காய் இன்னும் கொஞ்சம் போடு" என்றான். அவன் அக்கா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எதிர்க்கடையிலும் சில மாறுதல்கள் நடந்தன.

"பன் என்ன கறுப்பா இருக்கு?"

"புது அடுப்பு அண்ணே. கொஞ்சம் சிவந்துடுது."

"கிரீம் எங்க?"

"உள்ள இருக்கும், தேடிப் பாருங்க."

இன்னொரு நாள் பன்னுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தென்பட்டது. "இது என்னப்பா?"

"அலங்காரம் அண்ணே. இப்ப அதுதான் நாகரிகம்."

திருட்டுத்தனமாகத் தின்பவருக்கு அதிகம் கேள்வி கேட்க உரிமையில்லை. தையல்காரர் மென்று விழுங்கினார்.

ஒரு மாலை மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் உடுப்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தையல் கோணலாகப் போவதைத் தையல்காரர் கவனித்தார். எதற்காகத் தைக்கிறாள் என்பதைக் கவனிக்கவில்லை.

மாதங்கள் போகப் போக அவர் பேன்ட் நழுவத் தொடங்கியது. இவ்வளவா பிரித்தோம் என்று தன் கையின் மீதே அவருக்குச் சந்தேகம் வந்தது. மறுபடி பிடித்துத் தைத்துவிடலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை விரல் குறையும், கேள்வி வரும். சம்பந்தி வருகிற அன்று வேறு பேன்ட் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தார். அதற்கும் மனைவி முந்திக்கொண்டாள்.

"அதே பழைய உடுப்புத்தான் எல்லாரும் போடணும். உங்க கைவேலை எத்தன வருசம் உழைச்சிருக்குன்னு சம்பந்தி பாக்கட்டும்."

சம்பந்தி வந்தார். கூடவே மாப்பிள்ளையும் அவன் அம்மாவும். இந்த வீட்டு ஆண்கள் மூவரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். எழுந்த மறுகணம் தையல்காரரின் வலது கை இடுப்புக்குப் போனது. மகனின் கையும் இடுப்புக்குப் போனது. குண்டூசிக்கு மட்டும் வசதியில்லை. அக்கா அதற்குள் அவன் இரண்டு கையிலும் தேநீர்த் தட்டைத் திணித்திருந்தாள்.

சம்பந்தி கை குலுக்கக் கையை நீட்டினார். தையல்காரர் அவசரமாகக் கையை மாற்றினார். வலது கையைக் கொடுத்தார், இடது கை இடுப்புக்கு வந்தது.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

"நீங்க உக்காருங்க சம்பந்தி. என்ன அப்பாவும் பிள்ளையும் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறீங்க? எங்கள வரவேற்கிறீங்களா, சண்டைக்குக் கூப்பிடுறீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியது. மகள் உள்ளறை வாசலில் கண் கலங்க நின்றாள்.

"அக்கா, இந்தத் தட்ட வாங்கு" என்றான் குண்டூசி.

"அவங்க கிட்ட நீட்டுடா."

"வாங்கு அக்கா. சொன்னாக் கேளு."

"மரியாத தெரியாதவனே, முதல்ல விருந்தாளிக்குக் குடு!"

குண்டூசி குனிந்து நீட்டினான். அதற்குமேல் விவரிப்பது குடும்பத்துக்கு அழகல்ல. தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பதும், உள்ளே கோடு போட்ட அரைக்கால் சட்டை இருந்தது என்பதும் மட்டும் சொல்லத் தகுந்தவை.

துணிக்கடைக்காரர் தரையில் கிடந்த பேன்ட்டைப் பார்த்தார், பிறகு தையல்காரரைப் பார்த்தார்.

"இதுதான் உங்க கைவேலையா சம்பந்தி?"

தையல்காரருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தைக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கலாம், அல்லது மனைவிக்குத் தெரியாமல் பன் தின்றவன் என்று பெயர் வாங்கலாம். அவர் மனைவியைப் பார்த்தார். வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. இடுப்பில் இருந்த கை மட்டும் அங்கேயே இருந்தது.

"என் தையல்ல தப்பில்ல. நான்தான் வேணும்னே பிரிச்சுவிட்டேன். பேக்கரியில தினம் பன் தின்னேன். இடுப்பு பெருத்தது வெளிய தெரியக்கூடாதுன்னு என் பேன்ட்டப் பிரிச்சேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு இவங்க பேன்ட்டையும் பிரிச்சேன்."

"அப்ப என் ரெண்டு விரல்?" என்றான் குண்டூசி, மேசை விரிப்பைச் சுற்றிக்கொண்டு.

சம்பந்தி குனிந்தார். பேன்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தடவினார்.

"எங்க பிரிச்சீங்க?"

"பின்பக்கம், நடுத் தையல்ல."

"தடமே இல்லையே ஐயா!" அவர் குரலே மாறிவிட்டது. "துணியிலேயே வளந்த எனக்கே தெரியல. என் கடை ரெடிமேட் கிடக்கட்டும். கல்யாணத் துணி அத்தனையும் நீங்கதான் தைக்கிறீங்க."

வாசலில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரர் மூச்சு விட்டார். மூச்சு விட்டதில் பேன்ட் இன்னும் கொஞ்சம் நழுவ, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சம்பந்தி அதைப் பார்த்தார். "ஒண்ணுதான் புரியல. பெருத்த இடுப்புக்கு ஏத்த மாதிரிதானே பிரிச்சீங்க? அப்ப இறுக்கமா நிக்கணுமே. உங்களுது ஏன் விழுது?"

தையல்காரர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். மனைவி ஜன்னல் திரைச்சீலையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

விருந்தாளிகளுக்காகக் கேக் கொண்டுவந்த பேக்கரிக்காரர் அவ்வளவு நேரமும் வாசலிலேயே நின்றிருந்தார்.

"அண்ணன் என் கடையில ஒளிஞ்சு நின்னு பன் திங்கிறாருன்னு தெரு முழுக்கப் பேசிக்கிறாங்க, இப்ப அவரே அதத்தான் சொல்றாரு, ஆனா அது சுத்தப் பொய்ங்க" என்றார் அவர். "அக்கா முதல் வாரமே வந்துட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா கிரீம நிறுத்தினாங்க, சர்க்கரைய நிறுத்தினாங்க, கடைசியில மைதாவையும் நிறுத்திட்டு, இந்த மூணு மாசமா அண்ணனுக்குன்னு தனியா கேரட்டும் தவிட்டு மாவும் பிசைஞ்சு குடுத்தனுப்புறாங்க, நான் அத வேகவச்சுத் தர்றதோட சரி."